தண்ணிக்குழம்பை வைத்துக் கடையை அறிதல்: காரைக்குடிப் பக்கம் ஒன்பது ஆண்டுச் சாப்பாடு

2016ஆம் ஆண்டு வேலை மாற்றலில் திருவாரூர்ப் பக்கத்திலிருந்து காரைக்குடிக்கு வந்தேன். செக்காலையில் அறை எடுத்துத் தங்கிய முதல் இரண்டு ஆண்டுகள் மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். குடும்பம் வந்து சேர்ந்த பிறகும் வாரத்தில் மூன்று நான்கு மதியங்களாவது வெளியில் சாப்பிடும் வழக்கம் நிற்கவில்லை. எந்தக் கடைக்குப் போனாலும் அதுவரை வாயில் வைத்திராத ஒன்றையாவது கேட்டு வாங்கிவிடும் பழக்கம் எனக்குச் சிறுவயது முதலே உண்டு. இந்த ஒன்பது ஆண்டுகளில் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர் ஆகிய ஊர்களின் மெஸ்களிலும் உணவகங்களிலும் சாப்பிட்டுத் தெரிந்துகொண்டவற்றை, இனி வருவோருக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வந்த புதிதில் காரத்தைத்தான் அளவுகோலாக வைத்திருந்தேன். செட்டிநாடு என்ற பெயர் இந்த ஊர்களை விட்டு வெளியே போய் நெடுங்காலம் ஆகிவிட்டது. 1964இல் சென்னையில் தொடங்கிய அஞ்சப்பர் போன்ற உணவகங்கள் அந்தப் பெயரைக் கடல் கடந்தும் கொண்டு போயிருக்கின்றன. எனவே இங்கு வந்து இறங்குபவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது மிளகுக் கோழி வறுவலாகவே இருக்கிறது. கறுத்த நிறமும், மேலே மிதக்கும் எண்ணெயும், கண்ணில் நீர் வரவழைக்கும் மிளகும் இருந்துவிட்டால் அது செட்டிநாட்டுச் சமையல் என்று நம்பி, ஆறு மாத காலம் கடைக்குக் கடை அதையே கேட்டுச் சாப்பிட்டேன். ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் உள்ள வேறுபாடு என் நாவுக்குக் கொஞ்சமும் பிடிபடவில்லை.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எட்டு மேசைகள் மட்டுமே கொண்ட ஒரு மெஸ்ஸில் அது மாறியது. மதியம் மூன்று மணிக்கு மேல் போயிருந்தேன். கல்லாவில் இருந்த அம்மையார், "வறுவலெல்லாம் தீந்துபோச்சு தம்பி, எலும்புத் தண்ணிக்குழம்பு மட்டுந்தான் கெடக்கு, ஊத்தவா?" என்று கேட்டார். "ஊத்துங்கக்கா" என்றேன். இலையில் ஊற்றினால் சோற்றைத் தாண்டி ஓடிவிடும் அளவுக்கு நீர்த்த குழம்பு அது. ஆனால் முதல் கவளத்திலேயே வெந்த எலும்பின் சாறும், வதங்கிய சின்ன வெங்காயத்தின் இனிப்பும், அவற்றுக்குப் பின்னால் மெல்ல வரும் சோம்பின் வாசமும், தொண்டையில் மட்டும் உறைக்கும் மிளகும் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. மறுநாள் போய், அந்தக் குழம்புக்கு என்ன மசாலா சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "மசாலா கம்மியாப் போட்டதுனாலதான் நல்லாருக்கு. கெட்டிக்குழம்புன்னா தப்ப மூடிரலாம், இதுல மூட முடியாது தம்பி" என்றார். அன்று முதல் புதிய கடைக்குப் போனால் வறுவலுக்கு முன் தண்ணிக்குழம்பைத்தான் கேட்கிறேன். தேங்காயோ கசகசாவோ முந்திரியோ அரைத்து ஊற்றிய குழம்பில் எலும்பு பழையதா, வெங்காயம் சரியாக வதங்கியதா என்பதெல்லாம் மறைந்துவிடும். தண்ணிக்குழம்பில் அவ்வளவும் வெளியே தெரிந்துவிடும்.

மசாலாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செட்டிநாட்டு மணம் என்று நாம் உணர்வதில் பெரும்பங்கு கல்பாசிக்கும் மராட்டி மொக்குக்கும் உரியது. கல்பாசி என்பது பெயரில் பாசியானாலும், பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் ஒரு வகை லைக்கன்; பூஞ்சையும் பாசியும் இணைந்து வளரும் உயிரி. கையில் எடுத்து முகர்ந்தால் காய்ந்த சருகு போலத்தான் இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்த நொடியில் மழை நனைத்த மண்ணும் புகையும் கலந்தாற்போன்ற ஒரு மணம் எழும். அது கூடினால் குழம்பு கசந்துவிடும் என்பதால் கை தேர்ந்தவர்கள் ஒரு சிட்டிகைக்கு மேல் போடுவதில்லை. பட்டை, கிராம்பு, அன்னாசிப்பூ ஆகியவை தாளிதத்தில் நின்றுவிட, மல்லியும் சீரகமும் சோம்பும் மிளகும் அன்றன்று வறுத்து அரைக்கப்படும் கடைகளில் குழம்பு நாவில் படிந்து நிற்பதில்லை; சாப்பிட்டு எழுந்த பிறகு வாய் லேசாக இருக்கும். வாரக்கணக்கில் அரைத்து வைத்த பொடியைப் போடும் கடையில் சாப்பிட்டால் மாலை வரை ஏப்பத்தில் அந்தப் பொடியின் நெடிதான் வரும். என் அனுபவத்தில் இந்தச் சோதனை தவறியதே இல்லை.

காரத்தின் தரத்தை அறிய விரும்புகிறவர்கள் மிளகு வறுவலை விட்டுவிட்டு உப்புக்கறியைக் கேட்க வேண்டும். சிறு துண்டுகளாக நறுக்கிய ஆட்டுக்கறி, விதை உதிர்த்த வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, நல்லெண்ணெய், உப்பு ஆகியவற்றோடு அந்தப் பண்டம் முடிந்துவிடுகிறது. மல்லிப்பொடிக்கோ கரம் மசாலாவுக்கோ அங்கே வேலையே இல்லை. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தில் விளையும் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மிளகாயைக் கிள்ளிப் போட்டு, கறி தன் நீரிலேயே வெந்து சுருளும் வரை அடுப்பைத் தணித்துப் பொறுமையாக வதக்கிய உப்புக்கறியில், நிறம் கண்ணைப் பறித்தாலும் காரம் நாவைச் சுடுவதில்லை. நான் சாப்பிட்டவற்றில் மிகச் சிறந்தது தேவகோட்டையில் ஓட்டு வீட்டின் முன்கட்டில் நடக்கும் ஒரு சிறிய கடையில் கிடைத்தது. அங்கே அதை ஞாயிறும் புதனும் மட்டுமே செய்கிறார்கள். பன்னிரண்டரைக்கு முன் போய்ச் சேராவிட்டால் மிஞ்சாது.

உள்ளுறுப்புகளை விரும்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தப் பகுதி பெரும் கொடை. ஆட்டின் மண்ணீரலைச் சுவரொட்டி என்பார்கள். சுட்டோ, மிளகும் சீரகமும் தூவித் தோசைக்கல்லில் வாட்டியோ தருகிறார்கள். ஈரலைவிட மென்மையானது, ஆறிவிட்டால் பிசின் போலாகிவிடும் என்பதால் கல்லிலிருந்து எடுத்ததும் சாப்பிட்டுவிட வேண்டும். இரத்தப் பொரியலைப் பலர் பார்த்ததுமே ஒதுக்கிவிடுகிறார்கள். நறுக்கிய வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்த் துருவலும் சேர்த்து உதிரியாக வதக்கியதை இரசச் சோற்றுக்குத் தொட்டுக்கொண்டால், அந்தத் தயக்கம் இரண்டாவது வாய்க்கு நீடிக்காது என்று உறுதியாகச் சொல்வேன். குடல் குழம்பு மட்டும் நம்பிக்கையான கடையில்தான் சாப்பிட வேண்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துப் பலமுறை அலசாத குடலை எந்த மசாலாவாலும் காப்பாற்ற முடியாது. தலைக்கறி எனக்குக் காலை இட்லியோடுதான் பிடிக்கிறது. மூளையை மூன்று கடைகளில் முயன்று பார்த்தேன். முட்டையோடு கலந்து பொரித்தது நன்றாக இருந்தது; குழம்பில் இட்டது மூன்றிலும் பிடிக்கவில்லை. காடை வறுவலில் எலும்பு மொறுமொறுப்பாக இருக்க வேண்டும் என்று சில கடைகள் இரண்டு முறை பொரிக்கின்றன. அந்தச் சிறிய பறவையிடம் இருக்கும் கொஞ்சநஞ்ச ஈரமும் அதில் போய்விடுகிறது.

கடல் உணவில் எதிர்பாராத மகிழ்ச்சி நண்டு இரசம். தொண்டிக் கடற்கரை இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாததால் நண்டு புதிதாகவே வந்து சேர்கிறது. காலையும் ஓட்டையும் தட்டிப் போட்டு, மிளகும் பூண்டும் சீரகமும் நசுக்கிக் கொதிக்கவைத்த அந்த இரசத்தை மழைக்காலத்தில் தம்ளரில் வாங்கிக் குடித்த நாட்கள் மனத்தில் நிற்கின்றன.

குறைகளையும் சொல்லாமல் விடக்கூடாது. பல கடைகளில் இலை போட்டவுடன் ஒரு பெரிய தட்டில் சிறு கிண்ணங்களை அடுக்கிக் கொண்டுவந்து காட்டுவார்கள். கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம் என்ற அளவில் நல்ல முறைதான். ஆனால் விலையைச் சொல்லாமல் வைத்துவிட்டுப் போவதும், பில்லில் ஒரு கிண்ண நண்டுக்கு முழுச் சாப்பாட்டின் விலைக்கு மூன்று மடங்கு போடுவதும் எனக்கு ஒரே கடையில் இரண்டு முறை நடந்தன. இரண்டாம் முறை என் அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். அவர் முகம் வாடியதை மறக்க முடியாததால் அந்தக் கடைக்கு மறுபடி போகவில்லை. இப்போது எந்தக் கடையிலும் கிண்ணத்தை எடுக்கும் முன் விலையைக் கேட்டுவிடுகிறேன். நல்ல கடைக்காரர்கள் அதற்கு முகம் சுளிப்பதில்லை. நெடுஞ்சாலையோரம் அண்மையில் முளைத்த வேறொரு பெரிய உணவகத்தில், கோழி, ஆடு, காளான் மூன்றையும் ஒரே குழம்பில் போட்டு மூன்று பெயரில் பரிமாறினார்கள். சுற்றிப் பார்க்க வருபவர்கள் அதைச் செட்டிநாட்டுச் சமையல் என்று நம்பி ஊர் திரும்புவார்களே என்ற வருத்தம்தான் எனக்கு அதிகம்.

புரட்டாசி மாதத்தில் மெஸ்களை ஒதுக்கிவிடாதீர்கள் என்பது நான் அழுத்திச் சொல்ல விரும்பும் செய்தி. அசைவம் குறைந்துவிடுவதால் சமையலறையின் கவனம் முழுவதும் காய்கறி வெஞ்சனங்களின் மேல் திரும்புகிறது. மற்ற மாதங்களில் ஓரமாக வந்து போகும் பண்டங்கள் அப்போதுதான் முறையாகச் செய்யப்படுகின்றன. அரிசி கழுவிய இரண்டாம் தண்ணீரில் புளியைக் கரைத்து, சின்ன வெங்காயமும் பூண்டும் பச்சை மிளகாயும் சேர்த்து வைக்கும் வெண்டைக்காய் மண்டியை நான் முதலில் சாப்பிட்டது ஒரு புரட்டாசிச் சனிக்கிழமையில்தான். கழுநீர் தரும் அந்த இலேசான கொழுகொழுப்பையும் புளிப்பையும் வேறெந்தக் குழம்பிலும் கண்டதில்லை; மறுநாள் அது இன்னும் ருசிக்கும் என்று பரிமாறியவர் சொன்னதைக் கேட்டு ஒரு தூக்கில் வாங்கி வந்தேன், உண்மையாகவே ருசித்தது. இட்லிக்குக் கத்திரிக்காய்க் கோசமல்லி கிடைக்கும் கடையாக இருந்தால் சாம்பாரைத் தொடவே வேண்டாம்.

இடைப்பலகாரங்களில் கடைகள் வீடுகளுக்கு ஈடாக மாட்டா என்பதே என் முடிவு. வெள்ளைப் பணியாரத்துக்கு ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலைதட்டி அளந்து, அதன் மேலேயே உளுந்தைக் கோபுரமாகக் குவித்து அளப்பார்கள். அந்த மாவைப் புளிக்க விடாமல், எண்ணெயில் ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டும். கூட்டம் நிற்கும் கடையில் அவ்வளவு நிதானத்துக்கு இடம் இருப்பதில்லை. ஓரம் முறுகி நடு வேகாத பணியாரங்களைத்தான் பெரும்பாலும் பெற்றிருக்கிறேன். கந்தரப்பம், கும்மாயம் போன்ற இனிப்புகளை வீட்டில் செய்து விற்கும் ஆச்சிமாரிடம் முதல் நாளே சொல்லிவைத்து வாங்குவதே நல்லது. கவுனி அரிசி மட்டும் விதிவிலக்கு. பர்மாவில் வணிகம் செய்தவர்களோடு இங்கு வந்து சேர்ந்த அந்தக் கறுப்பு அரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, குழைய வேகவைத்து, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும் நெய்யும் சேர்த்துத் தருவதைச் சில உணவகங்கள் குறையின்றிச் செய்கின்றன.

ஒருமுறையேனும் செலவழித்துச் சாப்பிட விரும்புகிறவர்களுக்குக் காரைக்குடி செஞ்சையில் உள்ள 'பங்களா' என்ற விடுதியைப் பரிந்துரைப்பேன். முன்கூட்டியே சொல்லி வைத்துவிட்டுப் போக வேண்டும். வாழை இலையில் ஒவ்வொன்றாக வரும் பண்டங்களின் வரிசையும் அளவும் திருமண வீட்டுப் பந்தியை நினைவூட்டின. அங்கே நான் வியந்தது கார அடக்கத்தை.

காலம் சில கடைகளை மாற்றிவிட்டது. 2020 பொதுமுடக்கத்துக்குப் பின் எனக்குப் பழக்கமான மெஸ்களில் இரண்டு திறக்கவேயில்லை. ஒன்றில் சமையல்காரர் ஊருக்குப் போய்விட்டதால் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பார்சலும் பெருகிவிட்டது, குழம்பைப் பையில் கட்டிக் கொண்டுபோய் வீட்டில் திறந்தால் கல்பாசியின் மணம் முற்றிலும் அடங்கியிருக்கும். 2019 சனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபோது சில கடைக்காரர்கள் தூக்குவாளி கொண்டுவரச் சொன்னார்கள். நான் அன்று தொடங்கிய வழக்கத்தை இன்றும் விடவில்லை. எவர்சில்வர் தூக்கில் குழம்பு சூடும் குறையாமல் வாசமும் குறையாமல் வந்து சேர்கிறது.

எனக்குத் தண்ணிக்குழம்பை அறிமுகம் செய்த அந்த மெஸ்ஸை இப்போது அம்மையாரின் மகன் நடத்துகிறார். சென்ற மாதம் போனபோது குழம்பில் சோம்பு தூக்கலாக இருந்தது. கை கழுவிவிட்டு வந்து அவரிடம் தனியாகச் சொன்னேன். "அரைக்கிற ஆளு புதுசுண்ணே, பாத்துக்கிறேன்" என்றார். இரண்டு வாரம் கழித்துச் சாப்பிட்டேன். சோம்பு அடங்கி, வெங்காயத்தின் இனிப்பு பழையபடி மேலே வந்திருந்தது. எலும்பு மட்டும் இன்னும் அரை மணி நேரம் வெந்திருக்கலாம். அதையும் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.