முகவாதத்துக்குச் "சிரிப்பு ஆபரேஷன்": பணம் கட்டும் முன் கேளுங்கள்

கோணிய வாயை ஒரே நாளில் நேராக்கிச் சிரிக்க வைப்பதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறார்கள். செய்வதோ, தொடைச் சவ்விலிருந்து வெட்டிய பட்டையாலோ நூலாலோ கன்னத்தை மேலே இழுத்துக் கட்டுவது. சும்மா இருக்கையில் வாய் நேராகத் தெரியும், எச்சில் வழிவது குறையும். பயனில்லாத வேலை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தக் கன்னம் அசையாது. அதைச் சிரிப்பு என்று விற்பதுதான் மோசடி. அவர்கள் காட்டும் போட்டோவை நம்பாதீர்கள், சிரிக்கும் வீடியோவைக் கேளுங்கள்.

இதைவிடக் கொடுமை, காலத்தைக் கடத்துவது. காதோரச் சுரப்பிக் கட்டியை எடுக்கும்போது சிலருக்கு முகநரம்பு அறுபட்டுவிடும். "தானா வந்துடும்" என்று சொல்லி மாதக்கணக்கில் கரண்ட் வைப்பார்கள். அறுந்த நரம்பு தானாகச் சேராது. முடிந்தால் அதே ஆபரேஷனிலேயே தைக்க வேண்டும். இடைவெளி விழுந்திருந்தால் காலிலிருந்து சூரல் நரம்பை எடுத்து இடையில் ஒட்ட வேண்டும். நரம்பு நாளுக்குச் சுமார் 1 மி.மீ.தான் வளரும். நரம்பு வந்து சேராத தசை 12 முதல் 18 மாதங்களில் மெலிந்து நாராகத் தொடங்கிவிடும். அதன்பின் நரம்பை மட்டும் இணைத்துப் பெரிய பலன் இல்லை. எனவே ஈ.எம்.ஜி. (தசையின் மின் துடிப்பைப் பார்க்கும் சோதனை) எடுக்காமல் "இன்னும் ஆறு மாசம் பாப்போம்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பெல்ஸ் பால்சி, அதாவது காரணம் தெரியாமல் திடீரென வரும் முகவாதம், வேறு கதை. முதல் 72 மணி நேரத்துக்குள் ஸ்டீராய்டு தொடங்கினால் பெரும்பாலோருக்குக் குணமாகும். அவசரமாகக் கத்தி தேவையில்லை. நான்கு மாதமாகியும் சிறு துடிப்புகூட இல்லையென்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துக் கட்டி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

காலம் கடந்தவர்களுக்கும் வழி உண்டு. உள்தொடையின் கிராசிலிஸ் தசையில் ஒரு துண்டை ரத்தக்குழாய், நரம்போடு எடுத்துக் கன்னத்தில் வைத்து, மைக்ரோஸ்கோப் வழியே இணைப்பார்கள். ஜப்பானில் ஹாரியி குழுவினர் 1976-இல் வெளியிட்ட முறை இது. எந்த நரம்பு அதை இயக்கப்போகிறது என்று கேளுங்கள். மெல்லும் தசையின் நரம்பென்றால் ஒரே ஆபரேஷன், சில மாதங்களில் அசைவு தெரியும், இழுவையும் பலமாக இருக்கும். ஆனால் பல்லைக் கடித்துத்தான் சிரிக்கப் பழக வேண்டும். மறுகன்ன நரம்பென்றால் இரண்டு கட்டம், இடையே 6 முதல் 12 மாதம். இழுவை சற்றுக் குறைவு, சிரிப்பு இயல்பாக வரும். இதற்குப் பதில் சொல்லத் திணறுபவரிடம் முகத்தைக் கொடுக்காதீர்கள்.

வாயை மட்டும் பேசிக் கண்ணை விட்டுவிடுபவர்களும் உண்டு. மூடாத கண்ணில் கருவிழி காய்ந்து புண்ணாகும். பகலில் சொட்டு மருந்து, இரவில் களிம்பு போட்டு இமையை டேப்பால் மூட வேண்டும். இமை தன் பாரத்தில் மூடிக்கொள்ள மேல் இமைக்குள் தங்க எடை வைப்பதானால், சுமார் 1 கிராம் முதல் ஒவ்வொரு எடையாக இமைமேல் ஒட்டி, உட்கார்ந்த நிலையில் மூடித் திறந்து பார்த்த பிறகே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.