பாம்பு ரேக்குக்கு வெப்ப டேப்: குறை டேப்பில் இல்லை

லெப்பர்ட் கெக்கோ என்ற பல்லியை வாங்கியிருக்கும் நண்பர் ஒருவர், "உங்கள் பாம்பு ரேக்கில் ஒட்டியிருக்கிறீர்களே, அந்த டேப்பையே நானும் வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். ஒரு வரியில் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் போன வாரம்தான் அந்த ரேக்கில், அதாவது பாம்புப் பெட்டிகளை இழுப்பறைபோல அடுக்கிய சட்டத்தில், ஓர் அடுக்கைப் பிரித்துச் சரிசெய்தேன். அந்தச் சூடு இன்னும் ஆறவில்லை, டேப்புக்கும் எனக்கும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். டொரன்டோவின் பனிக்காலத்தில் பேஸ்மென்டில் பால் பைதான் என்ற மலைப்பாம்பு வளர்ப்பவனுக்குப் பெட்டியின் ஒரு பக்கமாவது 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வேண்டும். இந்த டேப் அதைச் சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல், மின்கட்டணம் எகிறாமல் தருகிறது. மெல்லிய பாலியஸ்டர் படலத்தின் இரு ஓரங்களிலும் செம்புப் பட்டை ஓடுகிறது. நடுவில் ஏணிப்படிபோலக் கரிமக் கோடுகள். ஒவ்வொரு கோடும் தனித்தனியாக இரண்டு பட்டைகளையும் இணைப்பதால், ஒன்று செத்தாலும் மற்றவை வேலை செய்யும். அச்சிட்ட இடைவெளியில் வெட்டினால் வேண்டிய நீளம் கிடைக்கும். என் ரேக்கில் டேப் என்ற அளவில் ஒன்றுகூட இதுவரை கெட்டதில்லை.

கெட்டதெல்லாம் கிளிப்.

வயரை டேப்போடு சேர்க்க உடன் தருகிற சின்னஞ்சிறு உலோகக் கிளிப்பைத்தான் சொல்கிறேன். குறடால் நசுக்கினால் அதன் பற்கள் படலத்தைத் துளைத்துச் செம்பைக் கவ்வ வேண்டும். கவ்வத்தான் செய்கிறது, முதலில். ஆனால் அது தொடும் பரப்பு மிகச் சிறியது. டேப் சூடாகி, ஆறி, மறுபடி சூடாகும்போது அந்தப் பிடி தளர்கிறது. தளர்ந்த இடத்தில் மின்தடை கூடுகிறது. கூடிய இடம் சூடேறுகிறது. சூடேறிய இடம் இன்னும் தளர்கிறது. பெட்டி இழுத்துத் தள்ளும் ரேக்கில் அதிர்வும் சேர்ந்துகொள்ளும் என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆனால் ரேக்குக்கென்றே விற்கிற பொருளுக்கு அது தெரிந்திருக்க வேண்டாமா?

இதில் கொடுமை, காவலுக்கு வைத்த எதுவும் இதைக் கண்டுகொள்வதில்லை. இணைப்பு மோசமானால் டேப்புக்குப் போகும் மின்சாரம் குறைகிறது, டேப் குளிர்கிறது. தெர்மோஸ்டாட்டின் சென்சார் டேப்பின் நடுவில் இருப்பதால், "இன்னும் சூடு போதவில்லை" என்று அது இடைவிடாமல் மின்சாரத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். அவ்வளவும் அந்த நொந்துபோன பல் வழியாகத்தான் போக வேண்டும். மின்னோட்டம் கூடவில்லை, ஆகவே பிரேக்கர் விழாது. மின்கசிவு இல்லை, ஆகவே கசிவைக் காவல்காக்கும் ஜி.எஃப்.சி.ஐ. பிளக்பாயின்டும் துண்டிக்காது. பாம்பு குளிரில் சுருண்டிருக்க, இரண்டடி தள்ளி கிளிப் பழுப்பேறி உருகிக்கொண்டிருக்கும். எனக்கு மூக்குதான் சொன்னது.

கண்டுபிடிப்பது கடினமல்ல. பிளக்கைக் கழற்றிவிட்டு, தெர்மோஸ்டாட்டையும் விலக்கிவிட்டு, மல்டிமீட்டரை வைக்க வேண்டும். என் டேப் அடிக்கு 10 வாட். நான்கு அடிக்கு 40 வாட். 120 வோல்ட்டில் அதற்கு 360 ஓம் காட்ட வேண்டும். பிளக் முனைகளில் அளந்தபோது எண் மிக அதிகமாக இருந்தது. வயரை ஆட்டினால் தாவியது. கிளிப்பைத் தாண்டிச் செம்புப் பட்டையிலேயே அளந்தால் 360-ஐ ஒட்டி நின்றது. வேறு சாட்சி வேண்டியதில்லை. பாதி டேப் மட்டும் குளிர்ந்திருந்தால் பட்டை நடுவில் அறுந்திருக்கிறது என்று பொருள். ஒரே ஒரு கோடு குளிர்ந்திருந்தால் கீறலாக இருக்கலாம். படலம் கிழிந்திருந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அதற்கடியில் மின்சாரம் ஓடுகிறது. அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கியால் அளப்பவர்கள் கவனிக்க: பளபளக்கும் அலுமினியத் தாள்மேல் அது குறைத்துக் காட்டும். ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும்.

விற்றவருக்குப் படத்தோடு எழுதினேன். "இன்னும் அழுத்தி நசுக்குங்கள்" என்று பதில் வந்தது. மரியாதையான கடிதம்தான்.

கருகிய முனையை அச்சிட்ட கோட்டில் வெட்டிவிட்டு, வயரைச் சால்டர் செய்துவிட்டேன். சால்டரிங் இரும்பைச் சில நொடிக்குமேல் வைத்தால் பாலியஸ்டர் சுருங்கிவிடும், அவ்வளவுதான் கஷ்டம். மேலே சூடு தாங்கும் பாலிஇமைட் டேப் சுற்றினேன். சாதாரண வினைல் டேப்பின் பசை சூட்டில் வழுக்கிக் கழன்றுவிடுகிறது. மறுமுனையையும் மூட வேண்டும். வயர் இல்லாத முனைதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள்; வெட்டிய இடத்தில் இரண்டு செம்புப் பட்டைகளும் உயிரோடு எட்டிப் பார்க்கின்றன. அலுமினிய டேப்பை அந்தப் பக்கமே கொண்டுபோகக் கூடாது. பிறகு வயரை ரேக்கின் காலில் கட்டிவிட்டால், யாராவது இழுத்தாலும் இணைப்புக்கு வலி போகாது.

தெர்மோஸ்டாட் இல்லாமல் இதை ஒரு மணி நேரம்கூட ஓட்டக் கூடாது. மின்சாரத்தைக் கையால் கூட்டிக் குறைக்கும் டிம்மர் அதற்கு மாற்று அல்ல. சென்சாரைப் பெட்டிக்குள் போடாதீர்கள். பாம்பு அதை நகர்த்தும், நனைக்கும். குளிர்ந்த சென்சார் டேப்பை முழுச் சூட்டுக்கு விரட்டும், வெந்துபோவது பாம்பின் வயிறு. டேப்புக்கும் பெட்டியின் அடிக்கும் இடையில், அசையாதபடி ஒட்டுங்கள். 230 வோல்ட் நாடுகளில் இருப்பவர்கள் 120 வோல்ட் டேப்பை வாங்கிப் போய்விட வேண்டாம். மூன்றரை மடங்குக்குமேல் வாட் இழுக்கும். இங்கே வன்பொருள் கடையில் ஹீட் டேப் என்று கேட்டால் தண்ணீர்க் குழாய் உறையாமலிருக்கச் சுற்றும் கேபிளை நீட்டுவார்கள், அது வேறு.

நண்பருக்கு என் பதில்: வாங்காதீர்கள். ஒரு கெக்கோவுக்குத் தொழிற்சாலையிலேயே வயர் பொருத்தி, பாதுகாப்புச் சான்று முத்திரையோடு வரும் வெப்ப விரிப்பு போதும். மிச்சமாகும் பணத்தை நல்ல தெர்மோஸ்டாட்டில் போடுங்கள். பாதி செய்த பொருளை விற்று, மீதியை வாங்குபவன் தலையில் கட்டுகிற வியாபாரத்துக்கு நான் ஐந்தில் இரண்டு நட்சத்திரத்துக்குமேல் தரமாட்டேன்.

நான் புதிதாகக் கட்டும் அடுக்குக்கு அதே டேப்பைத்தான் வரவழைத்திருக்கிறேன். கிளிப் பாக்கெட்டை மட்டும் ஆர்டரிலிருந்து நீக்கிவிட்டேன்.