வீட்டிலேயே படிக்கும் குழந்தைக்கு ஓர் இணையவழித் தேர்வு: இரண்டாண்டு அனுபவம்

எங்கள் மகள் வீட்டிலேயே படிக்கிறாள். கற்பிப்பதும் நாங்கள், மதிப்பிடுவதும் நாங்கள் என்பதால் எங்கள் கண்ணில் படாத குறைகள் இருக்கக்கூடும் என்ற கவலை எழுந்தது. ஆகவே, இத்தகைய குடும்பங்களுக்கென ஒரு நிறுவனம் இணையவழியில் நடத்தும் தரப்படுத்தப்பட்ட தேர்வை அவள் இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறாள்.

கொடுத்த பணத்துக்கு உரிய பலன், பாடப்பகுதி வாரியாக வரும் அறிக்கையில்தான் இருக்கிறது. பின்னங்களைக் கூட்டவும் கழிக்கவும் அவள் தடுமாறியதே இல்லை. ஆனால், பின்னங்களை எண்கோட்டில் குறிக்கும் கேள்விகள் முதலாண்டில் அனைத்தும் தவறாகியிருந்தன. அன்று மாலை ஒரு கோடு வரைந்து கொடுத்தேன். பென்சிலைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்து, நான்கில் மூன்றுக்கு வலப்பக்கத்தில் மூன்றில் இரண்டைக் குறித்தாள். கணக்குப் போடும் முறையைக் கற்பித்த நாங்கள், பின்னமும் ஓர் அளவுதான் என்பதைக் கற்பிக்கத் தவறியிருந்தோம்.

மதிப்பெண்களை விளக்கும் விதத்தில் எனக்கு மனக்குறை உண்டு. கணிதத்தில் 62 பர்சன்டைல் என்றால் நூற்றுக்கு 62 விடைகள் சரி என்பதல்ல, ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட அதே வகுப்பு மாணவர்களில் 62 சதவீதத்தினரைவிட அதிக மதிப்பெண் பெற்றாள் என்பதே பொருள். இதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாசிப்பில் வகுப்பு நிலை 6.2 என்றிருந்ததைப் பார்த்து, நான்காம் வகுப்பிலிருக்கும் மகளுக்கு ஆறாம் வகுப்புப் பாடநூலை வாங்கலாமா என்று கணவர் கேட்டார். அந்த நான்காம் வகுப்புத் தேர்வையே ஆறாம் வகுப்பின் தொடக்கத்தில் இருக்கும் மாணவர் எழுதினால் சராசரியாக எவ்வளவு பெறுவாரோ, அவ்வளவு அவள் பெற்றிருக்கிறாள். ஆறாம் வகுப்புப் பாடத்தை அத்தேர்வு சோதிக்கவே இல்லை.

இன்னொரு குறை, விடையளிக்காமல் விட்ட கேள்விகளையும் தவறான விடைகளையும் அறிக்கை பிரித்துக் காட்டாதது. எடுத்த கணக்கை முடிக்காமல் அடுத்ததற்குப் போகும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லையாதலால், ஏழாவது கேள்வியிலேயே நெடுநேரம் நின்றுவிட்ட அவள், கடைசிக் கேள்விகளைப் பார்க்கக்கூட இல்லை. நேர வரம்பில்லாத வடிவமும் இச்சேவையில் உண்டு. ஆனால் ஒப்பீட்டுக்குரிய மாணவர்கள் நேர வரம்புடன் எழுதியவர்கள் என்பதால், அதில் கிடைக்கும் பர்சன்டைலை நம்ப முடியாது. எனவே இரண்டாம் ஆண்டில், கடினமான கேள்வியைத் தள்ளிவைத்து மேலே செல்ல மாதிரித்தாள்களில் இரண்டு வாரம் பழக்கிய பிறகே தேர்வுக்கு அமர்த்தினோம். கடைசிக் கேள்வி வரை எழுதினாள், எண்கோட்டுக் கேள்விகளில் ஒன்றுதான் தவறியது.