புனேயா, சென்னையா, பீளமேடா? ஆவணப்படத்தைத் தொழிலாக்க மூன்று வழிகள்

கொங்கு நாட்டில் ஒரு பிள்ளை ‘ஆவணப்படம் எடுக்கப் போகிறேன்’ என்று வீட்டில் சொன்னால், எடுத்தவுடன் யாரும் மறுப்பதில்லை. ‘அதில் மாதம் எவ்வளவு நிற்கும்?’ என்றுதான் கேட்பார்கள். பம்ப்செட்டிலிருந்து பனியன் வரை எதையும் முதல், கூலி, மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பழகிய ஊர்கள். அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். பதினான்கு ஆண்டுகளாகக் கோவையில் இருந்தபடியே இந்த வேலையைச் செய்துவருகிறேன். ஒவ்வொரு படத்தைத் தொடங்கும்போதும் என்னை நானே கேட்டுக்கொள்வதும் அதைத்தான். பணத்தோடு நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். ஆவணப்படத்துக்கு நாட்கள்தான் பெரிய முதல்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முன்னால் மூன்று வழிகள் இருக்கின்றன. திரைப்படக் கல்லூரியில் சேர்வது ஒன்று. சென்னைக்குப் போய் யாரிடமாவது உதவியாளராக இருப்பது இன்னொன்று. கோவையின் பீளமேடு போல நம் ஊரிலேயே இருந்து ஆலைப் படமும் கல்யாணப் படமும் எடுத்துப் பிழைத்துக்கொண்டே சொந்தப் படத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது மூன்றாவது. என் மனம் மூன்றாவது பக்கம்தான் சாய்கிறது. ஆனால் அந்த வழி மற்ற இரண்டிடமும் தோற்கிற இடங்களும் உண்டு. அவற்றையும் சொல்லாவிட்டால் இது ஒப்பீடு ஆகாது.

கல்லூரியில் தொடங்குவோம். புனேயில் 1960இல் தொடங்கிய திரைப்படக் கல்லூரியும், கொல்கத்தாவில் 1995இல் வந்த சத்யஜித் ராய் நிறுவனமும் மத்திய அரசுடையவை. இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலி என்று பிரித்து மூன்றாண்டு படிக்கலாம். அதற்கு முன் ஏதாவது ஒரு பட்டம் வேண்டும், நுழைவுத் தேர்வும் உண்டு. சென்னை தரமணியில் மாநில அரசின் எம்.ஜி.ஆர். நிறுவனம் இருக்கிறது. ஆவணப்படம்தான் குறி என்றால் டெல்லி ஜாமியா பல்கலைக்கழகத்தின் மக்கள் தொடர்பியல் மையத்தையும் பார்க்க வேண்டும். ஆவணப்படக்காரர்கள் பலரை உருவாக்கிய இடம் அது. எல்லாவற்றிலும் இடங்கள் குறைவு, போட்டி கடுமை.

அங்கே கிடைப்பது என்ன? கேமராவை யூடியூப் பார்த்தே கற்றுக்கொள்ளலாம். அதற்காக மூன்றாண்டு போக வேண்டியதில்லை. ‘இந்தக் காட்சி பொய் சொல்கிறது, வெட்டிவிடு’ என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் பத்துப் பேர் கிடைப்பார்கள். ஊரில் அது கிடைக்கவே கிடைக்காது. நான் எடுத்த முதல் படத்தைப் பார்த்த அத்தனை பேரும் ‘அருமைங்க’ என்றார்கள். நாற்பத்தெட்டு நிமிடப் படத்தில் இருபது நிமிடம் வீண் என்பது எனக்குத் தெரிய இரண்டு ஆண்டு ஆனது. அதைக் கல்லூரியில் ஒரு மாலையில் சொல்லியிருப்பார்கள்.

கல்லூரி தரும் இன்னொரு செல்வம் ஒலி. அதை அங்கே தனிப்பாடமாக நடத்துகிறார்கள். நாங்கள் அடிபட்டுத்தான் கற்றோம். சோமனூர்ப் பக்கம் ஒரு தறிக்குடோனில் படமெடுக்கப் போனேன். எட்டுத் தறி. நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிபடும் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் வாயசைவதுதான் தெரியும், பேச்சு கேட்காது. தறி உரிமையாளரின் சட்டையில் மைக்கைக் குத்தி, முப்பது நிமிடம் பேசவைத்துப் பதிவு செய்துகொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கேட்டால் கூலி உயர்வு பற்றி அவர் மனம் நொந்து சொன்னதில் ஒரு வாக்கியம்கூடத் தேறவில்லை. தறியை நிறுத்தச் சொல்லலாமா என்றால், அது அவருடைய அன்றைய கூலி. அவர் பிழைப்பை நிறுத்திவிட்டு அவர் பிழைப்பைப் பற்றிப் படமெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்குத் தீர்வு கல்லூரியிலிருந்து வரவில்லை, செய்தித்தாளிலிருந்து வந்தது. துணை மின்நிலையப் பராமரிப்புக்காக ‘நாளை மின்தடை’ என்று ஊர் ஊராகப் பெயர் போடுவார்களே, அந்தச் சிறிய கட்டத்தைப் பார்க்கத் தொடங்கினேன். மின்தடை நாளில் குடோன் அப்படியே அடங்கிப்போகும். வேப்பமரத்துக் காகச் சத்தம் வரை கேட்கும். அந்த மனிதரும் கைவேலை இல்லாமல் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். ‘ஏனுங்க தம்பி, இன்றைக்குக் கேட்கிறீர்களா?’ என்று அவரே தொடங்குவார். அப்படி ஏழு மின்தடை நாட்கள் போனேன். ஏழு மாதத்துக்கு மேல் ஆனது. இரண்டு நாள் படப்பிடிப்பு என்று திட்டம் போட்டு வெளியூரிலிருந்து வருபவருக்கு இது வாய்க்காது. வாடகை வண்டி, தங்கும் அறை எல்லாம் அவரை விரட்டும். ஒலியைப் பற்றிய அறிவில் கல்லூரி மாணவர் என்னைவிட மேல். ஆனால் அந்த மனிதரின் குரலைப் பெற்றுவந்தது பக்கத்து ஊரில் இருந்த நான்தான்.

சென்னையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. அங்கே இருப்பது சினிமாத் தொழில். உதவி இயக்குநராகப் போனவர்கள் வேகத்தையும், ஆட்களை நடத்தும் திறனையும், செலவைக் கட்டுக்குள் வைப்பதையும் கற்றுக்கொள்கிறார்கள். அதே சமயம் கதைப்படத்தின் கனவும் சேர்ந்து ஒட்டிக்கொள்கிறது. ஆவணப்படத்துக்கென்று மாதச் சம்பளம் தரும் இடம் அங்கும் குறைவு. ஒரே ஒரு வகை ஆளுக்கு மட்டும் நான் சென்னையைப் பரிந்துரைப்பேன்: இயக்குநராக அல்லாமல் தயாரிப்பாளராக விரும்புகிறவருக்கு. அனுமதி வாங்குவது, ஒப்பந்தம் எழுதுவது, இசை உரிமை, தணிக்கைச் சான்றிதழ், வரி என்று ஒரு படத்தின் முதுகெலும்பாக இருக்கும் வேலைகளை அங்கே நாள்தோறும் பார்க்கலாம். நம் ஊரில் அப்படிப்பட்ட ஆட்களுக்குத்தான் பஞ்சம். கேமரா தூக்கத் தெரிந்தவர்கள் கோவை ஆர்.எஸ். புரத்தில் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள்.

இனி ஊரில் இருப்பது. கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் ஆகிய ஊர்களில் படம் கேட்கும் தொழிற்சாலைகளுக்குக் குறைவில்லை. ஏற்றுமதிக்காரருக்கு வெளிநாட்டு வாங்குநரிடம் காட்ட ஒரு படம் வேண்டும், கோவையின் கொடீசியா தொழில் கண்காட்சியில் கடை போடும் இயந்திர உற்பத்தியாளருக்கு ஒரு படம் வேண்டும், மருத்துவமனைக்கு ஒன்று, கல்லூரிக்கு ஒன்று. சென்னையில் உதவியாளர் ஒருவர் பல மாதம் உழைத்துப் பெறும் தொகையை இரண்டு ஆலைப் படத்தில் பெற்றுவிடலாம். கையும் பழகும். பழைய குழல்விளக்கு எரியும் ஆலையில் நொடிக்கு 24 பிரேமில் எடுத்தால் படம் ஏன் மினுக்குகிறது என்பது எனக்கு ஒரு நூற்பாலையில்தான் விளங்கியது. நம் மின்சாரம் 50 சைக்கிள்; விளக்கு நொடிக்கு நூறு முறை துடிக்கிறது. 25 பிரேம், ஐம்பதில் ஒரு நொடி ஷட்டர் என்று வைத்தால் படம் நிலைக்கும்.

ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. நான் அதில் விழுந்தவன். ஓர் ஆலைக்காகப் படமெடுத்தபோது இரவு ஷிப்ட் முடிந்து பெண்கள் வெளியே வருவதை எடுத்திருந்தேன். தலைமுடியெல்லாம் பஞ்சு. ஓர் அக்கா குழாயடியில் குனிந்து, இன்னொருவர் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தார், பேச்சே இல்லை. ஆலைப் படத்தில் அந்தக் காட்சி வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள். பிறகு என் சொந்தப் படத்தில் வைக்கக் கேட்டேன். மறுத்தார்கள். சட்டம் அவர்கள் பக்கம். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவுப்படி, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்படும் படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர். என் கண்ணால் கண்டு, என் கையால் எடுத்த காட்சி இன்றைக்கு எங்கோ ஒரு ஹார்டு டிஸ்கில் கிடக்கிறது. அதற்குப் பிறகு என் விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்ந்தது: நிறுவனத்தின் பெயரும் அடையாளமும் தெரியாத காட்சிகளை, படத்தில் இருப்பவர் சம்மதம் தந்தால், என் ஆவணப்படத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளும் உரிமை எனக்கு உண்டு. சிலர் அந்த வரியை அடித்துவிடுவார்கள். அப்போது எதற்காக எடுக்கிறேன் என்று தெரிந்தே எடுக்கிறேன்.

இந்தக் காரணத்தால் ஆலைப் படத்தைவிடக் கல்யாணப் படமே ஆவணப்படக்காரருக்கு நல்லது என்று நினைக்கிறேன். கேட்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் கணக்கைப் பாருங்கள். முகூர்த்த மாதங்களில் தூக்கம் கிடையாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணமே கிடையாது. ஆண்டுக்கு இரண்டு முழு மாதங்கள், யாரிடமும் விடுப்பு கேட்காமல். அதுவும் ஆடியில்தான் பவானி கூடுதுறையில் பெருக்குக்குக் கூட்டம் கூடுகிறது, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரைகளும் மாடுகளும் வந்து இறங்குகின்றன. கும்பலில் யார் அழப்போகிறார்கள் என்று முன்கூட்டியே உணர்ந்து கேமராவைத் திருப்பும் பழக்கத்தையும் மணமேடைதான் கற்றுத்தருகிறது. தொண்டு நிறுவனப் படங்களும் உண்டு. அங்கே முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும் என்பதால் நான் ஒதுங்கிவிட்டேன்.

நாட்கள் ஏன் முதல் என்று கேட்டால், கொங்கு நாட்டிலேயே சான்று இருக்கிறது. 1960களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் வந்து தங்கி, உடுக்கையடித்துப் பாடப்படும் அண்ணமார் கதையை 1965இல் ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பாட்டு பல இரவுகள் நீளும். ஊரோடு தங்காதவருக்கு அது அகப்பட்டிருக்காது. நம் எல்லையிலேயே இன்னொன்று: முதுமலை யானைக்குட்டியையும் அதை வளர்த்தவர்களையும் காட்டி 2023இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. அதை எடுத்த கார்த்திகி கொன்சால்வெஸ் ஊட்டிக்காரர். சுமார் 40 நிமிடப் படத்துக்கு ஐந்து ஆண்டுகள் கொடுத்தார். சாயக்கழிவு கலந்த நொய்யல் ஆற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்கு முன்பும் பின்பும் ஒரே படித்துறையில் கேமராவை வைத்து நின்றவருக்கு இன்று எந்தக் கல்லூரிச் சான்றிதழும் தேவையில்லை. அப்படி நிற்க ஊர்க்காரரால்தான் முடியும்.

ஊர்வழி தோற்கும் இன்னொரு இடம் வெளியுலகின் நிதிக் கதவுகள். 1948இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு (என்.எஃப்.டி.சி.) இணைந்துவிட்டது, அரசு தனியாக நடத்திவந்த ஆவணப்பட நிறுவனம் இப்போது அந்தப் பெயரில் இல்லை. இன்றைக்கு நிதி வேண்டுமென்றால் கொல்கத்தாவின் டாக்எட்ஜ் போன்ற பயிலரங்குகளிலோ, ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவான ஐடிஎஃப்ஏவின் பெர்தா நிதியிடமோ போய் நம் படத்தை விளக்க வேண்டும். அதற்கு ஆங்கிலத்தில் சில பக்கங்களும், சில நிமிட மாதிரிக் காட்சியும், கூச்சமில்லாத பேச்சும் வேண்டும். கல்லூரியில் படித்தவர்களுக்கு இது இயல்பாக வருகிறது. நமக்கு வருவதில்லை. எனக்கு இன்னும் வியர்க்கிறது. மருந்து ஒன்றுதான்: முதலில் பார்வையாளராகப் போய் உட்காருவது. மும்பையில் 1990இலிருந்து நடக்கும் ஆவணப்பட விழா இருக்கிறது. அதைவிட அருகில், கேரள அரசின் அகாதமி திருவனந்தபுரத்தில் 2008இலிருந்து நடத்தும் விழா இருக்கிறது. கோவையிலிருந்து ஓர் இரவு ரயில் பயணம். அங்கே எடுத்தவரும் பார்த்தவரும் அரங்க வாசலில் நின்றபடி தேநீரோடு சண்டை போடுகிறார்கள். நான் மேலே சொன்ன, முகத்துக்கு நேராகச் சொல்லும் பத்துப் பேரை அங்கே தேடிப் பிடிக்கலாம். கோவையிலேயே கோணங்கள் திரைப்படச் சங்கம் உலகப் படங்களைத் திரையிட்டிருக்கிறது.

செலவில் ஒன்றை மட்டும் சொல்கிறேன், புதியவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். எல்லோரும் கேமரா விலையைக் கேட்கிறார்கள். 4கே தரத்தில் நொடிக்கு 100 மெகாபிட் என்று பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. எண்பது மணி நேரம் எடுத்தால் 3,600 ஜிபி. இரண்டு பிரதி வைத்தால் அது இரட்டிப்பு. பழைய கேமராவே போதும். மிச்சப் பணத்தை ஹார்டு டிஸ்குக்கும் நல்ல மைக்குக்கும் ஒதுக்குங்கள்.

போன மாதம் பல்லடத்திலிருந்து ஒரு பெண் வந்திருந்தார். பட்டப்படிப்பின் கடைசி ஆண்டு. வீட்டில் கோழிப்பண்ணை. ‘புனேக்கு எழுதட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா அண்ணா?’ என்றார். எதை எடுக்க ஆசை என்று கேட்டேன். அவருடைய அம்மிச்சி, அதாவது அம்மாவின் அம்மா, விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து பண்ணைக்குள் போனதும் கோழிகளிடம் தனியாகப் பேசிக்கொண்டிருப்பாராம். வீட்டில் யாரிடமும் அவ்வளவு பேச மாட்டாராம். அம்மிச்சிக்கு வயது எண்பத்தொன்று. தேர்வுக்கு எழுதம்மா, கிடைத்தால் படத்தொகுப்பையோ ஒலியையோ எடுத்துக்கொள் என்றேன். பிறகு என் பையிலிருந்த ஒலிப்பதிவுக் கருவியை எடுத்து அவர் கையில் கொடுத்து, நாளைக்கு நான்கு மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.