மெத்தனால் டேங்கின் பிரீத்தர் வால்வோடு ஏழு வருஷம்

எங்கள் ஆலை வடசென்னையில், உப்புக்காற்று நேராக முகத்தில் அடிக்கும் இடத்தில் இருக்கிறது. அங்கே 200 கிலோலிட்டர் மெத்தனால் டேங்க் ஒன்று. விட்டம் 6 மீட்டர், கூம்புக் கூரை, திரவத்துக்கு மேலே காற்று சேராமல் இருக்க நைட்ரஜன் போர்வை, அதாவது பிளாங்கெட்டிங். உள்ளே அழுத்தம் ஏறினால் வாயுவை வெளியே விட்டு, இறங்கினால் காற்றை உள்ளே விட்டு டேங்க்கை மூச்சுவிட வைப்பது பிரீத்தர் வால்வு. டேங்க்கின் தலையில் உட்கார்ந்திருக்கும் அந்த 8 அங்குல வால்வை ஏழு வருஷமாகக் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கிறேன். அலுமினிய பாடி, வாயை மூடும் தட்டான ஸ்டெயின்லெஸ் பேலட், டெஃப்லான் சீல். ஸ்பிரிங் கிடையாது, எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும் என்ற செட்டிங்கைத் தீர்மானிப்பது பேலட்டின் எடைதான். பிரஷர் பக்கம் 100 மில்லிமீட்டர் வாட்டர் காலம் (water column, அழுத்தத்தைத் தண்ணீர் மட்டத்தின் உயரத்தில் சொல்லும் அளவு), வேக்குவம் பக்கம் 30.

இவை எவ்வளவு சின்ன எண்கள் என்பது பேலட்டைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. 1 மில்லிமீட்டர் வாட்டர் காலம் என்றால் சதுர மீட்டருக்கு 1 கிலோ. பேலட் உட்காரும் சீட்டின் விட்டம் 200 மி.மீ. என்று வைத்தால், 100 மில்லிமீட்டருக்கு மொத்தம் 3.14 கிலோ எடை போதும். வேக்குவம் பேலட் ஒரு கிலோகூடத் தேறாது. அதன் மேல் 100 கிராம் அழுக்கு படிந்தால் செட்டிங் 3 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடும். டேங்க்கும் ஒன்றும் பயில்வான் இல்லை. 5 மி.மீ. கூரைத் தகடு சதுர மீட்டருக்கு 39 கிலோதான், அதனால் உள்ளே 40 மில்லிமீட்டர் வந்தாலே கூரையின் சொந்த எடை அடிபட்டுப் போகும். மீதியைத் தாங்குவது வெல்டிங்.

முதல் வருஷம் ஸ்டோர்ஸிலிருந்து ஓயாத நச்சரிப்பு. தமிழ்நாட்டில் மெத்தனாலுக்கு லைசென்ஸ், லிட்டர் கணக்கு எல்லாம் உண்டு. குறைகிற ஒவ்வொரு லிட்டருக்கும் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். "ஆவியாத்தான் போகுது சார், வால்வுல இன்னும் கொஞ்சம் வெயிட்டைப் போடுங்களேன்" என்பார்கள். உட்கார்ந்து கணக்குப் போட்டுக் காட்டினேன். மெத்தனாலின் வேப்பர் பிரஷர், அதாவது ஆவி அழுத்தம், 30 டிகிரியில் சுமார் 22 கிலோபாஸ்கல், 40 டிகிரியில் 35. திரவமும் வாயுவும் சேர்ந்து 10 டிகிரி சூடானால் ஆவி மட்டுமே 13 கிலோபாஸ்கல் கூடும், அதாவது 1300 மில்லிமீட்டருக்கு மேல். டேங்க் தாங்குவதற்கென்று வடிவமைத்த டிசைன் அளவோ 200. மொத்தத் திரவமும் ஒரே பகலில் 10 டிகிரி ஏறாது, ஆனால் அதில் கால்வாசி ஏறினாலும் வால்வு திறந்தே தீரும். வெயிட் போட்டு ஆவியை அடக்க நினைப்பது, கொதிக்கிற சோற்றுப்பானையின் மூடியைக் கையால் அமுக்குகிற வேலை. அதோடு வெயிட் போட இடமும் இல்லை. எடையால் மூடும் வால்வு செட்டிங்கில் லேசாகத்தான் கசியத் தொடங்கும். எங்களுடையது முழுசாகத் திறக்க அதைப் போல இரண்டு மடங்கு பிரஷர் வேண்டும். 100-இல் தொடங்கி 200-இல் முழுத் திறப்பு, டிசைன் அளவு அங்கேயே முடிந்துவிடுகிறது.

அப்புறம்தான் உண்மையான ஓட்டை எங்கே என்று தெரிந்தது. நைட்ரஜன் ரெகுலேட்டரை யாரோ 80 மில்லிமீட்டரில் வைத்திருந்தார்கள். தாளில் பார்த்தால் 80-க்கும் 100-க்கும் இடையே இடைவெளி இருப்பது போலத்தான் தோன்றும். ஆனால் இந்த வகை வால்வுகளின் கசிவைச் சோதிப்பதே செட்டிங்கின் 75 சதவீதத்தில்தான். அதைத் தாண்டினால் சீட் இறுக்கமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. ஆக, இரவும் பகலும் நைட்ரஜன் உள்ளே வந்து, மெத்தனால் ஆவியையும் கூட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறது. ரெகுலேட்டரை 20-க்கு இறக்கினோம். வாரம் இரண்டு முறை மாற்றிக்கொண்டிருந்த நைட்ரஜன் சிலிண்டர் வரிசை, இரண்டு வாரம் தாங்க ஆரம்பித்தது. ஸ்டோர்ஸ் நச்சரிப்பும் அடங்கியது.

நைட்ரஜனே எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மெத்தனால் ஆவி காற்றில் 6 முதல் 36 சதவீதம் வரை இருந்தால் தீப்பிடிக்கும். நைட்ரஜனுக்குப் பதில் காற்று இருந்தால், 30 டிகிரியில் டேங்க்குக்குள் ஆவி இருப்பது சுமார் 21 சதவீதம். நம் ஊர் வெயிலுக்கு அது வருஷம் முழுக்க எரியக்கூடிய கலவைதான். பெட்ரோல் டேங்க்கில் ஆவி மிகுந்துபோய் எரியாத நிலை பெரும்பாலும் கிடைக்கும். இதில் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

எனக்குப் பயம் எப்போதும் வேக்குவம் பக்கம்தான். நாலாவது வருஷம் டேங்க்குக்குப் பெயிண்ட் அடித்தார்கள். சிலிண்டர் மாற்றுவதற்காக நைட்ரஜன் லைனை அடைத்திருந்த நேரம், கீழே டிரான்ஸ்ஃபர் பம்ப்பைப் போட்டார்கள். மணிக்கு 30 கனமீட்டர். சற்று நேரத்தில் மேலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய் பம்ப்பை நிறுத்திவிட்டு மேலே ஏறினால், வால்வின் தலை முழுக்க பாலிதீன் ஷீட், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. பெயிண்டர் பையன் நடுங்கிப்போய் நின்றான். "பெயிண்ட் உள்ளே போயிடக் கூடாதுன்னுதான் சார் கட்டினேன்." அவனைக் குறை சொல்லி என்ன பயன், பெர்மிட்டில் கையெழுத்துப் போட்டது நான். அவசரத்துக்குத் திறக்கும் எமர்ஜென்சி வென்ட் இருந்ததே என்றால், எங்களுடையது பிரஷருக்கு மட்டும் திறக்கும் வகை. பாதி காலியான டேங்க்கில் டிசைன் வேக்குவமான 60 மில்லிமீட்டரைத் தொட, அரை கனமீட்டர் சொச்சம் உறிஞ்சினாலே போதும். இந்தப் பம்ப்புக்கு அது ஒரு நிமிஷ வேலை. கூரையில் ஒரு தகடு உள்வாங்கியது இன்றும் அப்படியே இருக்கிறது. வெல்டிங்கைச் சோதித்துப் பார்த்தார்கள், விரிசல் இல்லை.

வால்வைப் பற்றி எனக்குள்ள குறைகள்: வலை கார்பன் ஸ்டீல், இரண்டே வருஷத்தில் உப்புக்காற்றில் உதிர்ந்தது, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றினோம். வேக்குவம் வாயில் குளவி மண்கூடு கட்டுகிறது. அதனால் கோடை மழைக்கு முன், ஏப்ரலிலேயே ஒரு தடவை கழற்றிவிடுவேன். மே மாத வெயிலில் காய்ந்த கூரைமேல் திடீரென மழை கொட்டினால் உள்ளே வாயு குளிர்ந்து சுருங்கும், அப்போதுதான் வேக்குவம் பேலட்டுக்கு உண்மையான வேலை. பெஞ்சில் கலர் தண்ணீர் ஊற்றிய U வடிவக் குழாய் வைத்துத்தான் சோதனை. அதன் இரண்டு பக்கத்துத் தண்ணீர் மட்டங்களின் வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் ஒரு பக்கத்தை மட்டும் படித்துவிட்டு, 30-இல் பாதியைப் பார்த்து "15-லயே திறக்குது சார்" என்பார்கள். சீல் மட்டும் ஏழு வருஷத்தில் ஒரே ஒரு முறை மாற்றினேன், அதற்கு முழு மார்க்.

இப்போது இதே டேங்க்கில் அசிட்டோன் வைக்கலாமா என்று கேட்டு மெயில் வந்திருக்கிறது. வால்வு ஒன்றுதானே என்கிறார்கள். அசிட்டோனின் ஆவி அழுத்தம் 40 டிகிரியில் 56 கிலோபாஸ்கல், மெத்தனாலுக்கு 35தான். டெஃப்லான் சீல் தாங்கும், ஆவி வெளியேறும் வென்டிங் அளவைத்தான், டேங்க் வென்டிங்குக்கான ஏபிஐ 2000 தரநிலைப்படி முதலிலிருந்து போட வேண்டும் என்று பதில் எழுதினேன். அதுவரை வால்வைத் தொடப் போவதில்லை.