பிளாஸ்டிக் பல்லா, பிடுங்கிய பல்லா? வன்னியில் வேர்ச் சிகிச்சை பழக வருகிறவர்களுக்கு

"பிடுங்கி விடுங்கோ டொக்டர், இனி இந்தப் பல்லோட மாரடிக்க ஏலாது."

வன்னியில் பல் வைத்தியராக வேலை செய்யும் எவருக்கும் இந்த வசனம் மனப்பாடம். மல்லாவிப் பக்கமிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ விடியப் பஸ் ஏறி, நம்பர் எடுத்து, பத்து மணிக்குக் கதிரையில் வந்து சாய்கிற அம்மா சொல்வது. இரண்டு நாளாகப் பல்லுக்கொதி, நித்திரை இல்லை, வாயில் கராம்பு மணம். கீழ் முதற் கடைவாய்ப் பல்லில் சூத்தை நரம்பைத் தொட்டுவிட்டது. ஆனால் எக்ஸ்றேயில் வேர்கள் எலும்புக்குள் உறுதியாக நிற்கின்றன. பிடுங்கினால் கால் மணி நேர வேலை. வேர்ச் சிகிச்சை என்றால், அதாவது நரம்பை எடுத்து வேருக்குள் இருக்கும் கால்வாயைச் சுத்தம் செய்து நிரப்புவதென்றால், இரண்டு மூன்று தடவை அவர் பஸ் ஏற வேண்டும்.

பேராதனையில் படித்து முடித்து, முதல் நியமனத்துக்கு ஏ9 வீதியில் வந்து இறங்கும் தம்பி தங்கைகள் பலர் அந்த இடத்தில் பல் பிடுங்கும் குறட்டைத்தான் எடுக்கிறார்கள். நோயாளியின் அவசரமும் வெளியே நிற்கிற வரிசையும் காரணம்தான். ஆனால் பக்கத்தில் நின்று பார்த்த அளவில், கைக்கு இன்னும் துணிவு வராததுதான் பெரிய காரணம் என்பேன். கை பழகிவிட்டால் "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, இந்தப் பல்லை வைச்சிருக்கலாம்" என்று வாய் தானாகச் சொல்லும். அந்தக் கை எதில் பழக வேண்டும், எந்தக் கருவியோடு தொடங்க வேண்டும், கடைசியில் பல்லை எதைக்கொண்டு அடைக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

பிளாஸ்டிக் பல்லும் பிடுங்கிய பல்லும்

பிளாஸ்டிக் பல்லை நான் குறைவாகச் சொல்லமாட்டேன். சுத்தமானது, தொற்றுப் பயம் இல்லை, வகுப்பில் எல்லோருக்கும் ஒரே பல். அமெரிக்கப் பல் வைத்தியர் ஜி.வி. பிளாக் வகுத்த குழி வகைகளை, முக்கியமாக இரண்டு பற்கள் முட்டும் இடத்தில் பெட்டி போல வெட்டும் இரண்டாம் வகைக் குழியை, முதலில் இதில் வெட்டிப் பழகுவதே சரி. பக்கத்துப் பல்லில் பர், அதாவது துளைக்கும் முனை, பட்டுவிட்டால் கீறல் அப்படியே தெரியும், ஒளிக்க முடியாது.

இன்னொரு வகை உண்டு: கண்ணாடி போலத் தெளிந்த பிளாஸ்டிக் கட்டை, உள்ளே வளைந்த ஒரு கால்வாய். வளைவு எப்படிக் கெட்டுப்போகிறது என்பதைக் காட்ட இதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. 25ஆம் நம்பர் எஃகு ஃபைல், கால்வாயைத் தேய்த்து அகலமாக்கும் மெல்லிய ஊசிக் கருவி, தன் நேர்த்தன்மையை விடாமல் வளைவின் வெளிப்பக்கத்தைச் சுரண்டிப் படி உண்டாக்குவதை ஒருதடவை கண்ணால் கண்டவர், பிறகு ஃபைலை முன்கூட்டியே வளைக்காமல் உள்ளே விடமாட்டார்.

ஆனால் அத்தோடு அதன் பாடம் முடிந்துவிடுகிறது. பிளாஸ்டிக், பல்லின் உட்படையான டென்டினைவிட மென்மையானது. மெசினில் சுழலும் ஃபைலின் சூட்டில் அது இளகி ஃபைலைப் பிடித்துக்கொள்ளும். உண்மையான பல் அப்படி நடக்காது. விரலுக்குத் தவறான கதையைச் சொல்லித் தருகிறது அந்தப் பிடிப்பு.

பிடுங்கிய பல்லைக் கையில் எடுங்கள். நரம்பு இருக்கும் அறையைத் திறக்கத் தொடங்கும்போது எனாமலில், பள்ளிப் புத்தகத்தில் மிளிரி என்று படித்தோமே, அதில் பர் ஒருவிதமாகக் கத்தும். டென்டினுக்குள் இறங்கியதும் சத்தம் தணியும். பிறகு கூரை உடைந்து பர் 'தொபுக்' என்று உள்ளே விழுகிற அந்த ஒரு கணம். அதை விரல் நினைவில் வைத்திருக்கும். அங்கே நிறுத்தத் தெரியாதவர் தளத்தையும் குடைந்துகொண்டு வேர்கள் பிரியும் இடத்துக்குப் போய்விடுவார், பல்லும் போய்விடும்.

கூரையை முழுதாக எடுத்துவிட்டுக் கழுவிப் பாருங்கள். தளம் சாம்பல் கலந்த கருமை, சுவர் வெளிறியது. 2004இல் க்ராஸ்னர், ராங்கோ என்ற இருவர் 500 பற்களின் அறைகளைப் பார்த்து எழுதிய விதிகள் இதைத்தான் சொல்கின்றன: தளம் எப்போதும் சுவரைவிடக் கறுப்பு, கால்வாய் வாய்கள் சுவரும் தளமும் சேரும் கோட்டில்தான் இருக்கும். மேல் முதற் கடைவாய்ப் பல்லில் முன்கன்ன வேருக்குள் ஒளிந்திருக்கும் இரண்டாவது கால்வாயைத் தேடுகிறவருக்கு அந்த நிறக்கோடுதான் ஒற்றையடிப் பாதை. பாதிக்கு மேற்பட்ட மேல் முதற் கடைவாய்ப் பற்களில் அந்தக் கால்வாய் உண்டு. பெரும்பாலான பிளாஸ்டிக் பற்களில் இந்த நிற வேறுபாடு கிடையாது.

எங்கள் ஊருக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. ஐம்பது வருடம் வெற்றிலை போட்ட ஐயா ஒருவரின் பல்லை நினைத்துப் பாருங்கள். மேற்பரப்பு தட்டையாகத் தேய்ந்திருக்கும். தேயத் தேயப் பல் உள்ளுக்குள் புது டென்டினைப் படிய விட்டு அறையைச் சுருக்கிக்கொள்ளும். கூரைக்கும் தளத்துக்கும் நடுவே சிலவேளை ஒரு தாள் இடைவெளிதான். 'தொபுக்' என்று விழ அங்கே இடமே இல்லை. கம்பனிக்காரன் செய்த பல்லில் இப்படியொரு அறையை நான் கண்டதில்லை.

சரி, பிடுங்கிய பல் எங்கே கிடைக்கும்? தினமும் நாங்களே பிடுங்குகிறோம். ஆனால் கேட்டு வாங்க வேண்டும். "இந்தப் பல்லைப் படிக்கிறதுக்கு வைச்சிருக்கட்டா அம்மா?" என்றால் மறுப்பவர் குறைவு, கேட்காமல் எடுப்பது முறையல்ல. இரத்தமும் தசையும் போகத் தேய்த்துக் கழுவி, ஈரம் காயாமல் வைக்க வேண்டும். காய்ந்த பல் நொறுங்கும். நீராவியால் கிருமி நீக்கும் ஓட்டோகிளேவில் 121 பாகையில் 40 நிமிடம் வைத்தால் பழக ஏற்றது. பாதரசக் கலவையான அமல்கம் அடைத்த பல்லை மட்டும் ஓட்டோகிளேவில் வைக்கவே கூடாது, பாதரச ஆவி வரும். அதை 10 சதவீத போர்மலினில் இரண்டு கிழமை விடுவார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுத்தான் வேலை.

ஆக, குழி வெட்டவும் வளைவைக் கண்ணால் காணவும் பிளாஸ்டிக். அறையைத் திறக்கவும் கால்வாய் தேடவும் பிடுங்கிய பல். இரண்டில் ஒன்றுதான் என்றால் யோசிக்காமல் பிடுங்கிய பல்லையே சொல்வேன். வேலை முடிந்த பிறகு அதை நெடுக்காகப் பிளந்து, வேரை நிரப்பும் கட்டாபெர்ச்சா நுனிவரை போயிருக்கிறதா, நடுவில் வெற்றிடமா என்று பார்க்கலாமே. நோயாளியின் வாயில் அந்த வசதி ஒருநாளும் கிடைக்காது.

கை ஃபைலும் மோட்டர் ஃபைலும்

கை ஃபைலின் கணக்கு எளிது. 10ஆம் நம்பர் என்றால் நுனி 0.10 மில்லிமீட்டர், ஊதாப் பிடி. 15 வெள்ளை, 20 மஞ்சள், 25 சிவப்பு, 30 நீலம், 35 பச்சை, 40 கறுப்பு. நுனியிலிருந்து மேலே ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 0.02 மில்லிமீட்டர் தடிக்கும். ரப்பர் நிறுத்தியை அளவுகோலில் வைத்து நீளம் குறித்து, எக்ஸ்றேயில் தெரியும் வேர்நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோலக் கால் சுற்றுக்கும் குறைவாக முன்னே, அதேபோலப் பின்னே. எங்கே இறுகுகிறது, எங்கே வழுக்குகிறது, எங்கே முட்டிப் பஞ்சுபோல அமுங்குகிறது என்பதெல்லாம் அந்த இரண்டு விரலுக்குத்தான் வரும்.

குறை என்ன? நேரம். நாலு கால்வாய்க் கடைவாய்ப் பல் ஒன்றைக் கையால் உருவாக்க முதல் வருடம் ஒன்றரை மணி நேரம்கூடப் போகும். தடித்த எஃகு ஃபைல் வளைவை நேராக்கப் பார்க்கும் என்பதை மேலே சொன்னேன். விரலும் மணிக்கட்டும் நோகும்.

நிக்கல் டைட்டானியம் என்ற உலோகக் கலவை வந்தது இதற்கு விடையாகத்தான். பற்களை நேராக்கும் கம்பியிலிருந்து செய்த ஃபைலைப் பற்றி 1988இல் வாலியாவும் அவரோடு இருந்தவர்களும் எழுதினார்கள். அது எஃகைவிடப் பல மடங்கு வளைந்து கொடுத்தது. மோட்டரில் பூட்டிச் சுழற்றினால் கால்வாய் தன் வளைவு கெடாமல், சீரான கூம்பாக வரும். வேலையும் விரைவு. பஸ்ஸைப் பிடிக்க ஓடும் நோயாளிக்கு அந்த நேரம் பெரிய காரியம். மூன்று வரவை இரண்டாகக் குறைக்கலாம். இதை மறுத்துக் கை ஃபைலைப் புகழ்வதில் நியாயமில்லை.

ஆனால் அது முன்னறிவிப்பின்றி முறியும். எஃகு ஃபைல் களைத்தால் திருகு பிரிந்து கண்ணுக்குத் தெரியும், எடுத்து எறியலாம். நிக்கல் டைட்டானியம் பார்க்கப் புதிதாகவே இருக்கும். வளைவுக்குள் சுழன்று சுழன்று உள்ளே களைத்து, ஒரு சின்ன 'டிக்'.

எனக்கு அது நடந்தது. மேல் கடைவாய்ப் பல், முன்கன்ன வேர் நன்றாக வளைந்தது. வரிசை நீண்டிருந்தது. 10ஆம் நம்பரை நீளத்துக்கு விட்டுப் பார்த்தேன், 15ஐ விடாமல் மோட்டரை எடுத்தேன். நாலு மில்லிமீட்டர் துண்டு உள்ளே நின்றுவிட்டது. எக்ஸ்றேயை அம்மாவிடம் காட்டிச் சொன்னபோது அவர் கேட்டது: "உள்ளுக்கை கிடந்து ஏதும் செய்யுமோ பிள்ளை?" அடுத்த தடவை 8ஆம் நம்பர் கை ஃபைலால் அந்தத் துண்டின் பக்கத்தால் வழி எடுத்து, கழுவி, நிரப்பினேன். ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தில் எலும்பு நன்றாக இருந்தது. முறித்தது மோட்டர், வழி எடுத்துத் தந்தது கை.

மோட்டரை நம்பியிருப்பவரும் முதலில் 10, 15 என்று கையால் வழி போட்டாக வேண்டும். கரண்ட் போனாலும், ஃபைல் ஸ்டொக் முடிந்தாலும் கை ஃபைல் நிற்காது. எனவே வரிசை இப்படி இருக்கட்டும்: பிடுங்கிய பற்களில் கை ஃபைலால் நேர்க் கால்வாய், வளைந்த கால்வாய், பிறகு நோயாளியில் நேர்க் கால்வாய், அதற்குப் பிறகே மோட்டர். கை பழகியவர் மோட்டரை ஒரு கிழமையில் பிடிப்பார். மோட்டரில் தொடங்கியவர் ஃபைல் போகாத கால்வாய் வந்ததும் திகைத்து நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

எந்த ஃபைல் என்றாலும் கிருமியைக் கொல்வது கால்வாயைக் கழுவும் சோடியம் ஹைப்போகுளோரைட்தான். ஃபைல் அதற்கு வழி வெட்டித் தருகிறது. அதை விடும் ஊசி கால்வாயில் இறுகாமல், மெதுவாக விட வேண்டும். பல்லை மட்டும் வெளியே விட்டு வாயை மறைக்கும் ரப்பர் டாம் பற்றி ஒப்பீடே இல்லை. 1864இல் பார்னம் என்ற பல் வைத்தியர் தொடங்கிவைத்த விஷயம். பஞ்சு உருளையை வைத்துக்கொண்டு வேர்ச் சிகிச்சை செய்வதை ஏற்கவே மாட்டேன். ஃபைல் தொண்டைக்குள் போனால் யார் பதில் சொல்வது?

எதைக்கொண்டு அடைப்பது

வேரை அழகாக நிரப்பிவிட்டு மேலே ஏனோதானோ என்று அடைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. 1995இல் ரே, ட்ரோப் இருவரும் 1010 பற்களின் எக்ஸ்றேக்களைப் பார்த்து, வேர்நுனி ஆரோக்கியத்தோடு அதிகம் சேர்ந்து வருவது வேர் நிரப்பலின் நேர்த்தியைவிட மேலடைப்பின் நேர்த்திதான் என்று கண்டார்கள். எச்சில் கசிந்தால் கீழே செய்ததெல்லாம் வீண்.

அமல்கம் பல்லோடு ஒட்டாது, பிடிக்கக் குழியை உள்ளகலமாக வெட்ட வேண்டும். ஆனால் கொஞ்ச ஈரத்தைப் பொறுக்கும், கடிக்குத் தாங்கும். பாதரசம் காரணமாக உலகமே அதைக் கைவிட்டு வருகிறது, ஐரோப்பிய ஒன்றியம் 2025இல் நிறுத்தியது. அதை மட்டும் நம்பிப் பழகுவது இன்று போதாது. கிளாஸ் அயனோமர் சிமெந்து பல்லோடு தானாக ஒட்டும், புளோரைட் விடும், சிறுவர் கிளினிக்கில் கைகொடுக்கும். கடைவாயில் இரண்டு பல்லுக்கு நடுவே பெரிய அடைப்பாக வைத்தால் உடையும்.

ஒளியால் இறுகும் பிசினான கொம்பசிற் நிறத்திலும் பலத்திலும் நல்லது, ஆனால் ஈரத்தைப் பொறுக்கவே பொறுக்காது. இரண்டு மில்லிமீட்டர் படையாக வைத்து ஒவ்வொன்றையும் ஒளியால் இறுக்க வேண்டும். இங்கே எங்கள் தண்ணீரையும் சொல்ல வேண்டும். வவுனியாப் பக்கக் கிணறுகள் பலவற்றில் புளோரைட் அதிகம். சிறுவயதில் அதைக் குடித்தவர்களின் பல்லில் பழுப்புத் திட்டுகள். அந்த எனாமலை 37 சதவீத பொஸ்போரிக் அமிலம் வழக்கமான 15 செக்கனில் சரியாக அரிக்காது. மேற்படையை மெல்லத் தேய்த்து, அமிலத்தைக் கூடுதல் நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் அடைப்பைக் கையில் கொண்டு வருவார்கள்.

வேர்ச் சிகிச்சை செய்த கடைவாய்ப் பல்லுக்குத் தொப்பி போடுவதே சிறந்தது. அந்தச் செலவு எல்லோராலும் ஏலாது. முடியாதவருக்குக் கூர்முனைகளை இரண்டு மில்லிமீட்டர் குறைத்து, அவற்றின் மேலால் கொம்பசிற்றோ அமல்கமோ மூடிவிடுங்கள். பல் பிளக்கும் ஆபத்து நிறையக் குறையும்.

கடைசியாக, முதல் நோயாளி யார்? அந்த அம்மாவின் கீழ்க் கடைவாய்ப் பல்லாக அது இருக்கக் கூடாது. மேல் நடு முன்பல் ஒன்று, ஒரு வேர், ஒரு நேர்க் கால்வாய், அதில் தொடங்குங்கள். அம்மாவுக்கு அன்று மரக்கச் செய்து, அறையைத் திறந்து, நரம்பை எடுத்து, கல்சியம் ஹைட்ரொக்சைட் மருந்து வைத்து, மேலே இறுக அடைத்து, மூத்தவர் இருக்கிற கிளினிக்குக்குத் திகதி எழுதிக் கொடுங்கள். அன்று இரவு நித்திரை கொண்டால், அந்தத் திகதிக்கு அவர் வருவார். நீங்களும் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.