வியட்நாம் இ-விசா: தேடலில் முதலில் வரும் தளத்தில் பணம் கட்டாதீர்கள்

வியட்நாமுக்கு இணையத்திலேயே விண்ணப்பித்து வாங்கும் 25 டாலர் இ-விசாவுக்கு 94 டாலர் கொடுத்தேன். பணம் போனதுகூடப் பரவாயில்லை, அந்த விசாவை வைத்துக்கொண்டு விமானம் ஏறவே முடியவில்லை. யாருடைய ஏற்பாடும் இல்லாமல் தாமாகத் திட்டம் போட்டு வெளிநாடு போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஹனோயில் இறங்கி ஹா லாங் விரிகுடா, அங்கிருந்து திரும்பி ரயிலில் ஹுவே, ஹாய் வான் கணவாய் வழியாக டா நாங், கடைசியில் ஹோய் ஆன். 12 நாள் பயணம். தங்குமிடம், ரயில் எல்லாவற்றையும் நானே பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தேன். விசாதான் சுலபமான வேலை என்று நினைத்து ஒரு நாள் இரவு, தூக்கக் கலக்கத்தோடு, தேடுபொறியில் தட்டினேன். முதலில் வந்த தளத்தில் சிவப்புக் கொடி, மஞ்சள் நட்சத்திரம், தாமரை எல்லாம் இருந்தன. மேலே பொடி எழுத்தில் 'விளம்பரம்' என்று இருந்ததை நான் கவனிக்கவில்லை. பாஸ்போர்ட் பக்கம், புகைப்படம், பணம். பத்து நிமிடத்தில் முடிந்தது.

விசாவும் வந்தது. அது போலி இல்லை, உண்மையான விசாதான். என் விவரங்களை வாங்கி, அரசுத் தளத்தில் 25 டாலர் கட்டி விண்ணப்பித்து, மிச்சத்தை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தத் தட்டச்சு வேலையையாவது ஒழுங்காகச் செய்தார்களா என்றால், அதுவும் இல்லை. பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. பெயரையும் படத்தையும் பார்த்த நான் தேதியைப் பார்க்கவில்லை. அது என் தவறு.

வியாழன் இரவு விமான நிறுவனத்தின் கவுண்டரில் இருந்த பெண் பாஸ்போர்ட்டையும் விசாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "பிறந்த தேதி ஒத்துப்போகவில்லை, ஏற்ற முடியாது" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே போய் அனுமதி மறுக்கப்பட்டால் திருப்பிக் கொண்டுவரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது.

அங்கேயே நின்றபடி அந்தத் தளத்துக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: 'அவசரத் திருத்தம், 180 டாலர்.' அவர்கள் செய்த பிழையைத் திருத்த என்னிடமே கட்டணம்! மறுத்துவிட்டேன். புத்திசாலித்தனத்தால் இல்லை, கோபத்தால்.

அரசுத் தளத்தில் விண்ணப்பத்தைப் பார்க்கலாம் என்று போனால் அங்கே இன்னொரு சிக்கல். பதிவு எண், மின்னஞ்சல், பிறந்த தேதி மூன்றும் வேண்டும். பதிவு எண்ணை அவர்கள் எனக்குத் தரவே இல்லை, மின்னஞ்சலும் அவர்களுடையது. என் விண்ணப்பத்தை நானே திறக்க முடியாத நிலை.

வெள்ளி காலை அதே அரசுத் தளத்தில் புதிதாக விண்ணப்பித்தேன். மூன்று வேலை நாள் என்கிறார்கள், சனி ஞாயிறு கணக்கில் வராது. புதன்தான் கிடைத்தது. 12 நாள் ஐந்தாகச் சுருங்கியது. ஹா லாங் போகவில்லை. ஹுவேயை ரயில் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. ஹாய் வான் பக்கம் ரயில் கடலை ஒட்டி வளைந்து போகும்போது மட்டும் கொஞ்ச நேரம் எல்லாம் மறந்தது.

வங்கியிலும் புகார் கொடுத்தேன். தளத்தின் அடியில் 'நாங்கள் தனியார் நிறுவனம், அரசோடு தொடர்பில்லை' என்று ஒரு வரி இருக்கிறதாம். சேவையும் கிடைத்துவிட்டதால் பணம் திரும்பாது என்றார்கள்.

தள முகவரியை வாலிலிருந்து படியுங்கள். வியட்நாமுக்கு 'கவ் புள்ளி விஎன்' (gov.vn) என்று முடிய வேண்டும். நடுவில் 'கவ்' என்று இருந்து 'காம்' என்று முடிந்தால் ஓடிவிடுங்கள். முகவரிக்குப் பக்கத்தில் வரும் பூட்டுப் படத்தையும் நம்ப வேண்டாம். நாம் அனுப்புவதை நடுவில் யாரும் படிக்க முடியாதபடி இணைப்பு மறையாக்கம் செய்யப்பட்டது என்பதைத்தான் அது சொல்லும், தளம் யாருடையது என்பதை அல்ல. கட்டணத்தையும் ஒப்பிடுங்கள்: ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50. 2023 ஆகஸ்ட் 15 முதல் இந்த விசா 90 நாள் வரை செல்லுபடியாகும்படி கிடைக்கிறது.

தாய்லாந்து, சிங்கப்பூர், மலேசியா போகிறவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அந்த மூன்று நாடுகளும் கேட்கும் டிஜிட்டல் வருகை அட்டைக்கு, அதாவது வருகை விவரங்களை இணையத்தில் நிரப்பும் படிவத்துக்கு, கட்டணமே கிடையாது. போய்ச் சேருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நாமே நிரப்பிவிடலாம். அதற்கும் பணம் வாங்கும் தளங்கள் இருக்கின்றன.

என் பாஸ்போர்ட் நகல் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. அழிக்கச் சொல்லி இரண்டு முறை எழுதிவிட்டேன், பதில் இல்லை. போன வாரம் ஒரு மின்னஞ்சல் மட்டும் வந்தது: அடுத்த விசாவுக்கு 10 சதவீதத் தள்ளுபடியாம்.